காசோலையின் இடத்தில் எதை வைக்கப் போகிறீர்கள்? மலையகத்திலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இலங்கை மத்திய வங்கியின் ஆளுநர் அவர்களுக்கும், கொடுப்பனவுகள், தீர்ப்பனவுகள் திணைக்களத்தின் பணிப்பாளர் அவர்களுக்கும், மலையகத்தில் கிளைகளை நடத்தும் உரிமம் பெற்ற வர்த்தக வங்கிகளின் முகாமைத்துவத்தினருக்கும்,

வணக்கம்.

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை ஆகிய நகரங்களில் நடுத்தர அளவில் மொத்த வியாபாரம் செய்யும் சிலருக்குக் கணக்கெழுதிக் கொடுப்பது என் தொழில். அவர்களுடைய பேரேடுகளையும் வங்கிக் கூற்றுகளையும் மாதந்தோறும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, இலத்திரனியல் கொடுப்பனவு பற்றி இந்நாட்டில் நடக்கும் உரையாடலில் ஒரு பெரும் பகுதி விடுபட்டிருப்பது தெரிகிறது. கியூஆர் பலகையும் அட்டை இயந்திரமும் கடைகளின் முன்மேசைக்கு வந்துவிட்டன. அவற்றைப் பற்றிய விளம்பரங்களும் விழிப்புணர்வுக் கூட்டங்களும் வாடிக்கையாளர் கடைக்காரருக்குக் கொடுக்கும் பணத்தைப் பற்றியே பேசுகின்றன. அந்தக் கடைக்காரர் மொத்த வியாபாரிக்கும், மொத்த வியாபாரி கொழும்பு விநியோகஸ்தருக்கும், தேயிலைத் தொழிற்சாலை கொழுந்து சேகரிப்பவருக்கும், மரக்கறி ஏற்றும் லொறிக்காரர் விவசாயிக்கும் கொடுக்கும் பணம் எப்படி நகர்கிறது என்று எவரும் கேட்பதாகத் தெரியவில்லை. அது இன்றும் பெரும்பாலும் கட்டுக்கட்டான காசாகவும் காசோலையாகவுமே நகர்கிறது; அதிலும் பிற்திகதியிட்ட காசோலையே, அதாவது பின்னொரு நாளில் பணமாகும்படி எழுதப்பட்ட காசோலையே, எங்கள் நகரங்களின் வியாபாரத்தைத் தாங்கி நிற்கிறது.

இதற்கு மலையக வியாபாரியின் பழமைப் பற்றே காரணம் என்று வங்கி அதிகாரிகள் சிலர் விளக்கம் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதை என்னால் ஏற்க முடியவில்லை. கொழும்பில் படிக்கும் மகளுக்கு விடுதிப் பணத்தைத் தொலைபேசிச் செயலியில் அனுப்புகிறவரும், மின்சாரக் கட்டணத்தை வரிசையில் நிற்காமல் அதே செயலியில் செலுத்துகிறவரும், சீனியும் பருப்பும் வாங்கிய கணக்கைத் தீர்க்க மட்டும் காசோலைப் புத்தகத்தை எடுக்கிறார் என்றால், அதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும். காசோலை அவருக்குத் தவணை தருகிறது. அந்தத் தவணைக்குச் சட்டத்தின் பிணையைத் தருகிறது. பங்காளிகள் இருவரின் கையொப்பமும் இல்லாமல் பணம் வெளியேறாது என்ற காவலைத் தருகிறது. எந்த விற்பனைப் பட்டியலுக்கு (பில்லுக்கு) எவ்வளவு தீர்க்கப்பட்டது என்பதை எழுதிவைக்க ஓர் அடிக்கட்டையையும் தருகிறது. நீங்கள் அமைத்துத் தந்திருக்கும் உடனடிப் பணமாற்றம் பணத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. மற்ற எந்த வேலையையும் அது இன்னும் ஏற்கவில்லை. வியாபாரிகளுக்கிடையிலான கொடுப்பனவு உண்மையாகவே மின்வழிக்கு மாற வேண்டுமானால், காசோலை இதுவரை செய்துவந்த வேலைகளை ஒவ்வொன்றாகப் பொறுப்பேற்கும் ஏற்பாடுகளை நீங்கள் செய்துதர வேண்டும் என்று கேட்பதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன்.

அடித்தளத்தில் பெரிய குறை எதுவும் இல்லை. பெருந்தொகைகளை உடனுக்குடன் தீர்க்கும் ஆர்டிஜிஎஸ் முறைமை 2003 இல் இந்நாட்டில் இயங்கத் தொடங்கிவிட்டது. காசோலைத் தாளை ஊர் ஊராகக் கொண்டு செல்லாமல் அதன் படிமத்தை மட்டும் அனுப்பித் தீர்க்கும் முறையைத் தென்னாசியாவில் முதன்முதலாக 2006 இல் கொண்டுவந்ததும் நாம்தான். கொழும்புக் காசோலையை ஹட்டன் கிளையில் வைப்பிட்டுவிட்டுப் பல நாட்கள் காத்திருந்த காலம் அத்துடன் முடிந்து, மறுநாளே பணம் கணக்கில் சேரும் நிலை வந்தது. (காசோலையை விரைவாக்கிய அந்தச் சீர்திருத்தமே அதன் ஆயுளையும் நீட்டித்தது என்பது என் எண்ணம், அதைக் குற்றமாகச் சொல்லவில்லை.) 2015 ஓகஸ்ட் மாதத்தில் லங்காபே நிறுவனத்தின் செஃப்ட்ஸ் முறைமை வந்தபோது, ஒரு தடவைக்கு 50 இலட்சம் ரூபா வரை சில விநாடிகளில் வங்கி விட்டு வங்கி அனுப்புவது கைகூடியது. நான் கணக்கெழுதும் வியாபாரிகளில் ஒரே பட்டியலுக்கு 50 இலட்சத்துக்கு மேல் செலுத்துகிறவர் எவரும் இல்லை. ஆகவே வேகத்தைப் பற்றியோ எல்லையைப் பற்றியோ எங்களுக்கு முறைப்பாடு இல்லை.

தவணையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மலையகத்தின் வியாபார மாதம் நாட்காட்டியின் மாதத்தோடு ஒத்துப்போவதில்லை. தோட்டங்களில் சம்பளம் மாதத்தின் 10 ஆம் திகதியை ஒட்டி வழங்கப்படுகிறது. தோட்டத்துக் கடைக்காரர் மாதம் முழுவதும் கொப்பியில் எழுதிச் சாமான் கொடுத்துவிட்டு, சம்பள நாளுக்கு அடுத்த இரண்டு மூன்று நாட்களில்தான் பணத்தை வசூலிக்கிறார். அதனால் அவர் நகரத்து மொத்தக் கடைக்கு எழுதிக் கொடுக்கும் காசோலையில் திகதி 13 என்றோ 15 என்றோ இருக்கும். மொத்தக் கடைக்காரர் கம்பனி விற்பனைப் பிரதிநிதிக்குக் கொடுக்கும் காசோலையில் 18 என்றோ 20 என்றோ இருக்கும். தோட்டத்து லயத்திலிருந்து கொழும்பு வரைக்கும் இந்தத் திகதிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. தீபாவளி முற்பணம் வழங்கப்படும் மாதத்தில் எல்லாத் திகதிகளும் முன்னுக்கு வருகின்றன. மழையால் கொழுந்து குறைந்து வேலைநாட்கள் சுருங்கிய மாதத்தில் எல்லாம் பின்னுக்குப் போகின்றன. அந்த நெகிழ்ச்சியைக் காசோலையில் பேனாவால் எழுதும் ஒரு திகதி தருகிறது. செயலியில் "இப்போதே அனுப்பு" என்ற பொத்தானை அழுத்துவதால் அது கிடைப்பதில்லை.

அதற்குப் பின்னால் சட்டமும் இருக்கிறது. 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவிடல் (விசேட ஏற்பாடுகள்) சட்டம், கணக்கில் போதிய பணமில்லை என்று தெரிந்தும் காசோலை வழங்குவதைக் குற்றமாக்கியுள்ளது. நடைமுறையில் வழக்கு வரைக்கும் போகிறவர்கள் மிகக் குறைவு. ஆனால் செக் திரும்பினால் நகரத்தில் பெயர் கெடும், வங்கியிலும் பெயர் கெடும் என்ற அச்சமே பெரும்பாலான தவணைகளைக் காப்பாற்றுகிறது. "15 ஆம் திகதி அனுப்புகிறேன்" என்று வட்சப்பில் வரும் வாக்குறுதிக்கு அந்தப் பலம் கிடையாது. எதிர்காலத் திகதியிட்டு மின்வழியில் வழங்கப்படும், வழங்கியவரால் ஒருதலைப்பட்சமாக மீளப்பெற முடியாத, பெறுபவரின் வங்கியில் பதிவாகி நிற்கும் ஒரு கொடுப்பனவுக் கட்டளையைச் சட்டத்தின் பாதுகாப்போடு நீங்கள் உருவாக்கித் தரலாம். 2005 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கக் கொடுப்பனவு, தீர்ப்பனவு முறைமைகள் சட்டமும் 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டமும் ஏற்கெனவே நடைமுறையில் இருக்கும்போது, இது வெறும் கனவாக இருக்க வேண்டியதில்லை.

காசோலை கைமாறும் பொருளாகவும் இருக்கிறது. 30 நாள் கழித்துப் பணமாகும் காசோலையை வைத்திருப்பவருக்கு இன்றைக்கே காசு தேவைப்பட்டால், அதை வாங்கிக்கொண்டு கழிவு நீக்கிப் பணம் தருகிறவர்கள் எங்கள் ஒவ்வொரு நகரத்திலும் உண்டு. செக் மாற்றுவது என்று சொல்லப்படும் இந்தத் தொழிலில் அறவிடப்படும் மாத வட்டி, கடன் அட்டைக் கட்டணத்தையும் விஞ்சுவதை என் வாடிக்கையாளர்களின் ஏடுகளில் பார்க்கிறேன். உலகம் முழுவதும் வங்கிகள் செய்யும் பட்டியல் கழிவுக் கடன்தான் இது; இங்கே அது எந்த மேற்பார்வையும் இல்லாமல் பின்வாசலில் நடக்கிறது. இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2014 இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, சிறு உற்பத்தியாளர் தம் பட்டியலை இணையத் தளத்தில் பதிவேற்ற, வாங்கிய நிறுவனம் அதை ஏற்றுக்கொள்ள, வங்கிகள் அதன் மேல் போட்டியிட்டுக் கழிவு வீதம் கேட்கும் ட்ரெட்ஸ் என்ற ஏற்பாடு இயங்குகிறது. அங்கே சிறு நிறுவனங்களுக்கு 45 நாட்களுக்குள் பணம் தீர்க்கப்பட வேண்டும் என்ற சட்ட ஏற்பாடு 2006 இலிருந்து இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியமும் 2011 ஆம் ஆண்டின் பணிப்புரையில், வெளிப்படையாக வேறுவிதம் இணங்கினாலன்றி நிறுவனங்களுக்கிடையிலான தவணை 60 நாட்களைத் தாண்டக் கூடாது என்று வரையறுத்தது. அந்தச் சட்டங்களை அப்படியே இங்கே நகலெடுக்கும்படி கேட்கவில்லை. செக் மாற்றுபவரிடம் போகும் வியாபாரி, அதே பட்டியலைக் காட்டித் தம் வங்கியிலேயே நியாயமான கழிவில் பணம் பெறும் வழியைத் திறந்துவிடுங்கள் என்று கேட்கிறேன்.

இனிக் கடன் அட்டை. வியாபார அட்டை என்ற பெயரில் பல வங்கிகள் அட்டைகளை வழங்குகின்றன. அதை எடுத்தால் காசோலை தேவையில்லை என்றும் சொல்கின்றன. ஆனால் அட்டையை ஏற்க வேண்டிய விநியோகஸ்தர் ஏற்பதில்லை, ஏன் என்பதைக் கணக்கே சொல்லும். 5 இலட்சம் ரூபாப் பட்டியலுக்கு 2.5 சதவீதம் கட்டணம் என்றால் 12,500 ரூபா. சீனி, மா, பருப்பு ஆகியவற்றில் மொத்த வியாபாரிக்குக் கிடைக்கும் இலாபமே பல வேளைகளில் அந்த அளவை எட்டுவதில்லை. இன்னொரு விதமாகவும் பார்க்கலாம்: பொருளை வாங்குபவருக்கு அட்டை சராசரியாக ஒரு மாதத் தவணை தருகிறது, அந்தத் தவணையின் விலையை விற்பவர் செலுத்துகிறார். மாதத்துக்கு 2.5 சதவீதம் என்பது ஆண்டுக்கு 30 சதவீதம். ஆண்டுக்கு 15 சதவீத வட்டியில் வங்கியில் மேலதிகப்பற்று (ஓவர்டிராஃப்ட்) எடுத்தாலும் அதே 5 இலட்சத்துக்கு ஒரு மாத வட்டி 6,250 ரூபாவே வரும். தாமே மேலதிகப்பற்று எடுத்து வாங்குபவருக்குத் தவணை கொடுப்பது, அட்டையை ஏற்பதைவிடப் பாதிச் செலவில் முடிந்துவிடுகிறது. கணக்குத் தெரிந்த எந்த விநியோகஸ்தரும் அட்டையை மறுப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. அட்டைக்கு மேலதிகக் கட்டணம் அறவிடக் கூடாது என்று நுகர்வோர் நலனுக்காக மத்திய வங்கி விடுக்கும் அறிவுறுத்தலும் இங்கே உதவுவதில்லை, ஏனெனில் மேலதிகமாகக் கேட்க முடியாத விற்பனையாளர் இயந்திரத்தையே வைக்காமல் விட்டுவிடுகிறார்.

அட்டை முறைமைகளின் உரிமையாளர்களுக்கே இது தெரியும். அமெரிக்காவில் நிறுவனங்களுக்கிடையிலான பெருந்தொகைக் கொள்முதலுக்குச் சில்லறை விற்பனையைவிடக் குறைந்த கட்டண வகுப்புகள் வைக்கப்பட்டிருக்கின்றன. பொருளின் பெயர், அளவு, வரி, பட்டியல் இலக்கம் ஆகிய விபரங்களை அட்டைப் பரிவர்த்தனையோடு சேர்த்து அனுப்பும் விற்பனையாளருக்கு மேலும் சலுகை வழங்கும் வழக்கமும் அங்கே நீண்ட காலமாக உண்டு. விபரம் கூடக் கூட மோசடியும் பிணக்கும் குறையும் என்பதே அதன் அடிப்படை. இலங்கையில் வியாபாரிகளுக்கிடையிலான அட்டைக் கொடுப்பனவுக்கென்று தனிக் கட்டண வகுப்பு ஒன்றை, குறித்த தொகைக்கு மேல் சதவீதமாக ஏறாமல் ஓர் உச்சவரம்போடு நிற்கும் வகையில், மத்திய வங்கியும் அட்டை வழங்கும் வங்கிகளும் சேர்ந்து வகுக்க வேண்டும். மேலே சொன்ன 12,500 ரூபா 5,000 ரூபாவாக இறங்கினால், ஹட்டன் மொத்தக் கடையில் அட்டை இயந்திரம் வைக்க நானே பரிந்துரைப்பேன்.

ஒவ்வொரு பட்டியலுக்கும் தனித்தனி இலக்கம் உருவாக்கி, அந்தத் தொகைக்கும் அந்த விற்பனையாளருக்கும் மட்டும் செல்லுபடியாகும் மெய்நிகர் அட்டைகள் வெளிநாடுகளில் பெரிய நிறுவனங்களிடையே பரவிவருகின்றன. திருட்டைத் தடுக்க நல்ல வழி அது. எங்களுக்கு அதற்கு முன் தேவைப்படுவது மிக எளிய ஒன்று: வியாபார அட்டையின் கூற்றுத் திகதியையும் செலுத்த வேண்டிய இறுதித் திகதியையும் வியாபாரியே தெரிந்தெடுக்க இடங்கொடுங்கள். என் வாடிக்கையாளர் ஒருவருக்கு ஒரு வங்கி தந்த அட்டையின் இறுதித் திகதி ஒவ்வொரு மாதமும் 5 ஆம் திகதியையொட்டி வந்தது. தோட்டச் சம்பளம் 10 ஆம் திகதி. கையில் காசு வருவதற்கு ஐந்து நாட்களுக்கு முன் கடன் தீர்க்கும்படி வடிவமைக்கப்பட்ட அட்டை, மாதந்தோறும் தாமதக் கட்டணத்தையும் வட்டியையும் சேர்த்துக்கொண்டே போயிற்று. திகதியை மாற்றித் தரும்படி கேட்டதற்கு முறைமை இடந்தராது என்ற பதிலே கிடைத்தது. அவர் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காசோலைக்குத் திரும்பினார். அவரை மலையகத்தின் பழமைப் பற்றுக்கு உதாரணமாக எவரேனும் காட்டக்கூடும் என்பதால் இதைக் குறிப்பிட்டேன்.

கணக்கெழுதும் எனக்கு எல்லாவற்றையும்விட நோகிற இடம் வேறொன்று. ஒரு கடைக்காரர் மொத்தக் கடையில் ஐந்து பட்டியல்கள் பாக்கி வைத்திருப்பார். அவற்றில் இரண்டை முழுமையாகவும், ஒன்றை உடைந்து வந்த போத்தல்களின் பெறுமதியைக் கழித்தும், இன்னொன்றைப் பாதியாகவும் தீர்த்து, எல்லாவற்றையும் கூட்டி ஒரே தொகையாக அனுப்புவார். வங்கிக் கூற்றில் தொகையும் திகதியும் வெட்டுப்பட்ட ஒரு பெயரும் மட்டும் வரும். குறிப்பு எழுதச் செயலியில் இருக்கும் இடம் சில எழுத்துகளோடு முடிந்துவிடுகிறது. தமிழில் எழுதினால் பெறுபவரின் கூற்றில் அது சரியாக வருவதுமில்லை. பிறகு தொலைபேசியில் அழைத்து, வட்சப்பில் படம் கேட்டு, பட்டியல் பட்டியலாகப் பொருத்திப் பார்க்க வேண்டும். விநாடியில் சேர்ந்த பணத்துக்குப் பேரேட்டில் இடம் தேட நாட்கள் ஆகின்றன. காசோலையோடு வரும் விபரத் துண்டில் இந்த வேலை கையெழுத்திலேயே முடிந்திருக்கும். கொடுப்பனவுச் செய்தியின் உள்ளேயே பட்டியல் இலக்கங்கள், கழிவுகள், வரி ஆகியவற்றை ஒழுங்குபடுத்தி அனுப்ப ஐஎஸ்ஓ 20022 என்ற சர்வதேசத் தரம் இடங்கொடுக்கிறது. நாடுகடந்த வங்கிக் கொடுப்பனவுச் செய்திகள் பழைய வடிவத்தை விட்டு அதற்கு மாறும் இடைக்காலம் 2025 நவம்பரோடு முடிவடைந்தது. அந்தத் தரத்தின் பயன் சர்வதேசக் கொடுப்பனவோடு நின்றுவிடாமல் தலவாக்கலைக் கடைக்காரரின் செயலித் திரை வரைக்கும் இறங்கி வர வேண்டும். விற்பவர் பட்டியலோடு கொடுப்பனவுக் கோரிக்கையை அனுப்ப, வாங்குபவர் அதை முழுமையாகவோ கழிவுக் காரணத்தைக் குறித்துக் குறைத்தோ ஏற்க, பணமும் விபரமும் ஒன்றாகத் திரும்பி வரும் வசதியைச் சிறு வியாபாரிகளுக்கும் பொதுவாக்குங்கள்.

இருவர் கையொப்பத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மலையக நகரங்களின் பல கடைகள் அண்ணன் தம்பிகளின் கூட்டு வியாபாரங்கள். காசோலையில் இருவரும் ஒப்பமிட்டால்தான் பணம் நகரும் என்ற ஏற்பாடு குடும்பத்தையும் வியாபாரத்தையும் சேர்த்தே காத்துவந்திருக்கிறது. செயலி என்று வரும்போது ஒருவருடைய தொலைபேசியில் முழு அதிகாரமும் போய்ச் சேர்கிறது. ஒருவர் பதிவு செய்து மற்றவர் அனுமதிக்கும் ஏற்பாடு பெரிய கம்பனிகளுக்கான இணைய வங்கிச் சேவையில் இருப்பதை அறிவேன். அது மாதக் கட்டணமோ கடினமான படிவங்களோ இல்லாமல் சாதாரண நடைமுறைக் கணக்கு வைத்திருப்பவருக்கும் கிடைக்க வேண்டும். விநியோகஸ்தரின் பெயரில் போலிச் செய்தி அனுப்பி "எங்கள் கணக்கு இலக்கம் மாறிவிட்டது" என்று ஏமாற்றும் மோசடிக்கும் இதுவே முதற் காவல். ஐக்கிய இராச்சிய வங்கிகள் 2020 இலிருந்து செய்துவருவதைப் போல, பணம் அனுப்பும் முன் கணக்கின் பெயர் பொருந்துகிறதா என்று காட்டும் ஏற்பாடு எல்லா வங்கிகளின் செயலிகளிலும் ஒரே விதமாக இயங்கினால் இரண்டாவது காவலும் அமைந்துவிடும்.

தேயிலையின் பணம் போகும் வழியைப் பார்த்தால் இந்தச் சிக்கல் முழுவதும் ஒரே கோட்டில் தெரியும். 1883 இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம், 137 ஆண்டுகள் மண்டபத்தில் குரல் கொடுத்து நடந்த பின், 2020 ஏப்ரலில் பெருந்தொற்று ஊரடங்கின் நடுவே சில வாரங்களில் மின்வழி ஏலமாக மாறியது. முடியாது என்று நெடுங்காலம் சொல்லப்பட்ட மாற்றம், எல்லாத் தரப்பும் ஒரே மேசையில் அமர்ந்ததும் முடிந்துபோயிற்று. ஏலத்தில் வாங்கியவர் ஒரு வாரத்தில் பணம் செலுத்துகிறார்; தரகர் மூலம் அது தொழிற்சாலைக்கு வருகிறது. விற்பனை வருமானத்தில் 68 சதவீதம் கொழுந்து வழங்குபவருக்கு, 32 சதவீதம் தொழிற்சாலைக்கு என்ற விகிதச் சூத்திரமும் உண்டு. ஆனால் பச்சைக் கொழுந்து கொடுத்த சிறு தோட்டக்காரருக்குக் கணக்குத் தீர்வது அடுத்த மாதத்தில்தான். அதிலும் இடையில் சேகரிப்பவர் இருந்தால், உரத்துக்கான பிடிப்பு, முற்பணம், போக்குவரத்து, ஈரத்துக்கும் முற்றல் இலைக்கும் கழித்த எடை என்று எல்லாவற்றையும் கழித்த மிச்சம் ஒரு துண்டுக் காகிதத்தோடு கையில் காசாக வருகிறது. தொழிற்சாலையின் கொடுப்பனவுக் கோப்பிலேயே கிலோ, வீதம், ஒவ்வொரு பிடிப்பும் அடங்கியிருந்து, வழங்குபவரின் வங்கிக் கணக்கில் பணம் விழும்போது அந்த விபரமும் தமிழிலோ சிங்களத்திலோ அவர் தொலைபேசிக்கு வந்தால், கழிவைப் பற்றிய சண்டைகளில் பாதி எழாது. அந்தக் கணக்கு வரலாற்றைக் காட்டி அவர் வங்கியில் சிறு கடனும் கேட்கலாம். தேயிலைச் சபையும் மத்திய வங்கியும் சேர்ந்து முதலில் தொட வேண்டிய இடம் இதுவே என்று நான் நம்புகிறேன்.

மரக்கறி வியாபாரம் வேறு விதமானது. நுவரெலியாவிலும் கெப்பெட்டிபொலவிலும் உள்ள பொருளாதார மத்திய நிலையங்களில் கரட்டும் லீக்ஸும் காலையில் ஒரு விலை, மதியத்தில் ஒரு விலை. அங்கே தவணைக்கு இடமில்லை. உடனடிப் பணமாற்றம் மிகப் பொருந்த வேண்டிய இடம் அது. இருந்தும் லொறிக்காரர் இரவில் பெருந்தொகைக் காசோடு மலைப்பாதையில் பயணம் செய்கிறார், ஏனெனில் பணம் அனுப்பியதாகக் காட்டும் போலித் தொலைபேசித் திரைப்பிடிப்புகளுக்கு விவசாயி அஞ்சுகிறார், சமிக்ஞை கிடைக்காத இடத்தில் குறுஞ்செய்தியும் வருவதில்லை. வந்து சேர்ந்த தொகையை உரக்க அறிவிக்கும் சிறு ஒலிப்பெட்டிகளை இந்தியக் கடைகளில் காணலாம். தமிழிலும் சிங்களத்திலும் அறிவிக்கும் அத்தகைய பெட்டிகளைப் பொருளாதார நிலையங்களின் ஒவ்வொரு கடைக்கும் வங்கிகள் இலவசமாகக் கொடுத்தாலே நிலைமை மாறும்.

வரியைப் பற்றி மௌனமாக இருந்தால் இந்த மடல் நேர்மையாக இராது. காசில் வியாபாரம் செய்ய விரும்புவோரில் ஒரு பகுதியினர் வரியைத் தவிர்க்கவே அப்படிச் செய்கிறார்கள். அதை நான் நியாயப்படுத்தவில்லை. வேறொரு பகுதியினரின் அச்சம் வேறு. பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் 18 சதவீதமாக உயர்ந்தபோதே, பதிவுக்கான ஆண்டுப் புரள்வு (மொத்த விற்பனை) எல்லை 80 மில்லியனிலிருந்து 60 மில்லியன் ரூபாவாக இறக்கப்பட்டது. மிகக் குறைந்த இலாபத்தில் சீனியும் மாவும் கைமாற்றும் வியாபாரியின் கணக்கில் பெரிய புரள்வு தெரியும். அந்தப் புரள்வையே வருமானமாக எடுத்துக்கொண்டு விசாரணை வருமோ என்று அவர் அஞ்சுகிறார். பட்டியல் விபரத்தோடு வரும் கொடுப்பனவு அவருடைய இலாபம் எவ்வளவு என்பதையும் சேர்த்தே காட்டும் என்பதால், நான் மேலே கேட்ட ஏற்பாடு நேர்மையான வியாபாரியைப் பாதுகாக்கும். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தோடு பேசி, மின்வழிக்கு மாறும் சிறு வியாபாரியின் பழைய ஆண்டுகளைத் தோண்டாத ஒரு மாறுகாலத்தை நீங்கள் பெற்றுத் தர முடிந்தால், விளம்பரங்கள் செய்யாததை அது செய்யும்.

மொழி பற்றிச் சுருக்கமாக. நுவரெலியா மாவட்டத்தில் தமிழ் பேசுவோரே பெரும்பான்மையினர். 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது 1987 இல். எனினும் அட்டை இயந்திரத்துக்கான வணிகர் ஒப்பந்தம், கட்டண அட்டவணை, பிணக்கு விண்ணப்பம் ஆகியவை என் கைக்கு ஆங்கிலத்திலேயே வருகின்றன. பிணக்கு எழுந்தால் பணத்தைக் கடைக்காரரிடமிருந்து திருப்பி அறவிடும் விதிகளை வாசிக்காமலே ஒப்பமிட்டவர்கள் பலர். நீங்கள் உரிமம் வழங்கும்போதே இதை நிபந்தனையாக்கலாம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலும் மண்சரிவுகளும் மலையகத்தைச் சிதைத்தபோது, வீதிகளும் மின்சாரமும் தொலைத்தொடர்பும் சேர்ந்தே அறுந்தன. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீண்டதையும் நாங்கள் மறக்கவில்லை. "காசுதான் கடைசியில் கைகொடுக்கும்" என்று வியாபாரிகள் சொல்வதற்கு இந்த நாட்களே ஆதாரம். ஆனால் வீதி மூடப்பட்ட நகரங்களுக்குக் காசும் வந்து சேரவில்லை. கிளைகளுக்கும் கோபுரங்களுக்கும் மாற்று மின்சாரம், இணைப்பு இல்லாத வேளையில் சிறு வரம்புக்குள் கொடுப்பனவைப் பதிந்துவைத்துப் பின்னர் தீர்க்கும் வசதி, பேரிடரின்போது வியாபாரக் கடன்களின் தவணைத் திகதியைத் தாமாகவே நகர்த்தும் விதி ஆகியவை மலையகத்துக்கென்று முன்கூட்டியே எழுதிவைக்கப்பட வேண்டும்.

இவற்றைப் பற்றிப் பேச அதிகாரிகள் ஒரு நாள் ஹட்டனுக்கு வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கொழும்பு விடுதியொன்றில் நடக்கும் கருத்தரங்குக்கு எங்கள் வியாபாரிகளால் கடையைப் பூட்டிவிட்டு வர இயலாது. மாதத்தின் 10 முதல் 20 வரை வசூலும் காசோலைத் திகதிகளும் நெருங்கி நிற்கும். அதற்குப் பிந்திய எந்த வாரநாளாக இருந்தாலும் பிற்பகலில் கூட முடியும். கூட்டம் தமிழில் நடக்க வேண்டும். கட்டண வகுப்பைத் தீர்மானிக்கும் அதிகாரமுள்ள ஒருவரேனும் அதில் இருக்க வேண்டும். வாடிக்கையாளர்களின் அனுமதியோடு, பெயர்களை நீக்கி, ஓராண்டுக்கான காசோலைத் திகதிகள், திரும்பிய காசோலைகள், செக் மாற்றிய செலவு, பொருந்தாமல் நின்ற வங்கி வரவுகள் ஆகியவற்றை அட்டவணையாக்கிக் கொண்டுவந்து உங்கள் முன் வைக்கிறேன்.

இப்படிக்கு,
மலையக மொத்த வியாபாரிகளுக்குக் கணக்கெழுதும் ஒருவர்,
ஹட்டன்.